பக்கவாதம் வந்தால் முதல் ஒரு மணி நேரம்: வேலூர்ப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரிந்த பழைய மாவட்டத்தில் யாருக்காவது திடீரென்று ஒரு கை விழுந்துபோனால், வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் படுக்க வைப்பார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுப்பார்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். "சாயங்காலம் வரை பார்ப்போம், சரியாகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்" என்று ஒரு பெரியவர் முடிவு சொல்வார். சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது, காலையிலேயே வந்திருந்தால் போட்டிருக்கக்கூடிய ஊசிக்கான நேரம் கடந்திருக்கும். வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடக்கும் பலரை அங்கே தள்ளியது இந்த அரை நாள்தான். அந்த அரை நாளை எப்படி மிச்சப்படுத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரை. மருத்துவப் பழக்கமே இல்லாதவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகத் தெரிந்தால் போதும். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது ஒரு வகை, குழாய் வெடித்து இரத்தம் கசிவது இன்னொரு வகை. உலக அளவில் நூற்றுக்குச் சுமார் 85 அடைப்பு வகை. ஏரிக் கால்வாயில் மண் சரிந்தால் கடைமடை வயல் எப்படியோ, அப்படித்தான் அடைப்புக்கு அப்பால் இருக்கும் மூளைப் பகுதியும். நடுவில் ஒரு பங்கு விரைவில் கருகிவிடும். அதைச் சுற்றியுள்ள பங்கு இன்னும் சில மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சிகிச்சை காப்பாற்றுவது அந்தச் சுற்றுப்பங்கைத்தான். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அடைப்பு வகையில் பெரும்பாலும் வலி இருக்காது. நெஞ்சு வலி என்றால் நடு இரவிலும் ஓடுகிறவர்கள், கை மரத்துப்போனால் விடியட்டும் என்று காத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

முதல் படி: அடையாளம் காண்பது

மூன்றைச் சோதித்தால் பெரும்பாலான பக்கவாதங்கள் பிடிபட்டுவிடும்: முகம், கை, பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகாது.

முகத்துக்கு, பல்லைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்க உதடு மேலே ஏறாமல் தொங்கினால் சந்தேகம் கொள்ளுங்கள். காலையில் வாய் கொப்பளிக்கும்போது ஒரு கடைவாய் வழியாகத் தண்ணீர் ஒழுகுவதைப் பலர் முதலில் கவனிப்பார்கள். முக நரம்பு மட்டும் பாதிக்கப்பட்டு வாய் கோணும் வேறொரு நோயும் உண்டு, அது இந்த அளவுக்கு ஆபத்தில்லாதது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மருத்துவர் வேலை. வீட்டில் உட்கார்ந்து அந்த ஆராய்ச்சி வேண்டாம்.

கைக்கு, கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி முன்னால் நீட்டச் சொல்லுங்கள். பத்து எண்ணுங்கள். ஒரு கை தானாகக் கீழே சரிந்தாலோ, உள்ளங்கை உள்பக்கம் திரும்பினாலோ அந்தப் பக்கம் பலம் குறைந்திருக்கிறது. சோதனை வைப்பதற்கு முன்பே வீட்டு வேலையில் இது காட்டிக் கொடுத்துவிடும். வாசலில் கோலம் போடுகிற அம்மாவுக்குப் புள்ளி சரியாக விழுந்திருக்கும், இழை மட்டும் பாதியில் அலைந்துபோய், மாவு ஒரே இடத்தில் கொட்டிக் கிடக்கும். காபி டம்ளர் நழுவும். சட்டைப் பொத்தான் துளைக்குள் போகாது. ஒரு கால் செருப்பு கழன்றுபோனதே தெரியாமல் நாலடி நடந்துவிடுவார். திடீரென்று, ஒரு பக்கம் மட்டும் என்ற இரண்டும் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

பேச்சுக்கு, ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "இன்றைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போக வேண்டும்" என்பது போல ஏதாவது. சிலர் வாழைப்பழத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். எங்கள் ஆற்காட்டுப் பக்கத்தில் நல்ல உடம்போடு இருக்கும்போதே அது "வாயப்பயம்" ஆகிவிடும், ஆகவே ழகரத்தை வைத்து யாருக்கும் நோய் கண்டுபிடிக்காதீர்கள். நேற்று எப்படிப் பேசினாரோ அதோடு ஒப்பிட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருது பேசும் வீடுகள் ஏராளம். குடியாத்தம், காட்பாடிப் பக்கம் தெலுங்கு வீடுகள். வீட்டில் பேசும் மொழியிலேயே கேளுங்கள். குழறல் மட்டும்தான் அறிகுறி என்றும் நினைக்க வேண்டாம். சிலருக்கு உச்சரிப்பு தெளிவாக இருக்கும், சொல்வதற்குப் பொருள் இருக்காது. "தண்ணீர் வேண்டுமா" என்று கேட்டால் "நாளைக்கு அவன் மேலே" என்று பதில் வரும். புத்தி பேதலித்துவிட்டது, காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று விபூதி போட அழைத்துப் போவது இந்த வகையைத்தான்.

இன்னும் இரண்டு அறிகுறிகள் இந்த மூன்றில் அடங்காது. ஒன்று, திடீரென்று நடை தள்ளாடுவது, உலகமே சுற்றுவது, கூடவே வாந்தி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, ஒரு கண்ணிலோ ஒரு பக்கத்திலோ பார்வை மறைவது. மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாய் அடைபட்டால் இவற்றில் பல வரும். மற்றொன்று, இதுவரை வாழ்நாளில் வராத கடுமையான தலைவலி, இடி விழுந்தது போல ஒரே நொடியில் உச்சத்துக்கு ஏறுவது. இரத்தக் கசிவில் இப்படி வரலாம்.

நோயாளியே "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று சொன்னால்? மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்ட சிலருக்கு, தம் இடது கை அசையவில்லை என்பதே உறைக்காது. அவர் வீம்பு பிடிக்கவில்லை. நோய்தான் அப்படிப் பேச வைக்கிறது. வீட்டுக்குப் பெரியவர் என்பதற்காக அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

வெயிலா, வாதமா

வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திர நாட்களில் யார் மயங்கினாலும் வெயில் என்றுதான் முதலில் தோன்றும், அது நியாயமும்கூட. ஆனால் வெயில் இடது வலது பார்க்காது. வெயிலால் வரும் சோர்வு உடம்பு முழுவதையும் துவளச் செய்யும். ஒரு பக்கக் கையை மட்டும் விழ வைக்காது, வாயைக் கோண வைக்காது. தலைசுற்றல் மட்டும் இருந்தால் நிற்க வைத்து, தாங்கிப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கச் சொல்லுங்கள். பிடிக்காமல் நிற்கவே முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பித்தம், வாயு என்று பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகள் விஷயம் கொஞ்சம் வேறு. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி, அச்சாகப் பக்கவாதம் போலவே பேச்சுக் குழறலாம், கை தளரலாம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் வண்டி வருவதற்குள் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, அவர் தெளிவாக விழித்திருந்து, எச்சிலைச் சிரமமின்றி விழுங்கவும் முடிந்தால் சர்க்கரை கொடுக்கலாம். முகம் கோணியிருந்தாலோ அரை மயக்கமாக இருந்தாலோ வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். வண்டியில் வருபவரிடம் அளவைச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: மணி பார்ப்பது

மருத்துவமனையில் கேட்கும் முதல் கேள்வி "எப்போது ஆரம்பித்தது" என்பதாக இருக்கும். அவர்களுக்கு உண்மையில் வேண்டியது, கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்ற விவரம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இரவு 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தவர் காலை 6 மணிக்குக் கை விளங்காமல் எழுந்தால், கணக்கு 10 மணியிலிருந்துதான். நடுவில் 4 மணிக்கு எழுந்து பாத்ரூமுக்கு நன்றாக நடந்துபோனதை மருமகள் பார்த்திருந்தால் கணக்கு 4 மணிக்கு வந்துவிடும். அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றிவிடும். பார்த்தவர் வண்டியில் கூடவே வர வேண்டும். முடியாவிட்டால் அவர் தொலைபேசி எண்ணாவது கூட வருபவரிடம் இருக்க வேண்டும்.

குழாயை அடைத்திருக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை நாலரை மணி நேரம். 1995இல் வெளிவந்த ஆய்வு மூன்று மணி நேரம் என்று காட்டியது, 2008இல் வந்த இன்னோர் ஆய்வு அதை நாலரைக்கு நீட்டியது. பெரிய குழாய் அடைப்புக்குத் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் முறைக்கு 6 மணி நேரம், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு. நாலரை மணி என்றதும் நிறைய நேரம் இருப்பதாகத் தோன்றும். ஒடுகத்தூரில் காலை 6 மணிக்குக் கை விழுகிறது என்று வையுங்கள். 10.30க்கு எல்லை. மருத்துவமனைக்குள் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கையெழுத்து எல்லாம் முடிய ஒரு மணி நேரம் போகலாம். ஆக 9.30க்குள் வாசலில் இருக்க வேண்டும். வண்டி வந்து சேர அரை மணி, வழியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. உறவினர்களைக் கூட்டி யோசிக்க மிஞ்சுவது அதிகம் போனால் இரண்டு மணி நேரம், அதையும் செலவழிக்கக் கூடாது. ஏனென்றால் இந்த ஊசி நாலரை மணி வரை ஒரே அளவு வேலை செய்து பிறகு சட்டென்று நிற்பதில்லை. முதல் நிமிடத்திலிருந்தே அதன் பலன் குறைந்துகொண்டே வருகிறது. நேரம் கடந்துவிட்டது என்று தெரிந்தாலும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்; ஊசிக்கு அப்பாலும் மருத்துவமனையில் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

மூன்றாம் படி: வண்டியும் இடமும்

108ஐ அழையுங்கள். "மயக்கம்" என்று சொல்லாதீர்கள்; "பக்கவாதம் மாதிரி இருக்கிறது, ஒரு பக்கக் கை விழுந்துவிட்டது, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்று சொல்லுங்கள். அருகில் அடையாளம் சொல்லத் தகுந்த கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி எதுவோ அதையும் சொல்லி, தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்து மலைக்கிராமங்களில் வண்டி வீட்டு வாசல் வரை வர முடியாத இடங்கள் உண்டு. அங்கே மலையடிவாரத்துக்குக் கீழே இறக்கும் ஜீப் யாரிடம் இருக்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய தகவல். எந்த ஊராக இருந்தாலும், இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பலமில்லாதவர் சரிந்து விழுந்தால் தலையில் இன்னோர் அடி.

போகும் இடத்தைப் பொறுத்தவரை ஒரே நிபந்தனைதான்: சி.டி. ஸ்கேன் இருந்து, கட்டி கரைக்கும் ஊசி போடும் வசதியும் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் போய்விடும். இந்த ஊருக்கு இந்த விஷயத்தில் குறையில்லை. இந்தியாவில் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது இங்கே சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சி.எம்.சி.க்கு இப்போது நகர வளாகம் ஒன்றும் இராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒன்றும் இருப்பதால், பக்கவாதத்துக்கு எந்த வளாகத்துக்கு வர வேண்டும் என்று நல்ல நாளிலேயே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஆம்பூரா, ஆற்காடா, குடியாத்தமா என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். எங்கே போனாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. புறநோயாளி டோக்கன் வரிசையில் நின்றுகொண்டு, சக்கர நாற்காலியில் ஒருவர் சரிந்து கிடக்கும் காட்சியை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். டோக்கன் தேவையில்லை. உள்ளே போய் "பக்கவாதம்" என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

வண்டி வரும் வரை

செய்ய வேண்டியவை குறைவு. வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். பல் செட் இருந்தால் எடுத்துவிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போடுங்கள். ஆதார், காப்பீட்டு அட்டை கைக்குக் கிடைத்தால் எடுங்கள், தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பிறகு யாராவது கொண்டுவரலாம்.

செய்யக் கூடாதவைதான் எங்கள் பக்கத்தில் நீளம். தண்ணீர், காபி, எலுமிச்சைச் சாறு, கஷாயம் எதுவும் வேண்டாம். தொண்டைத் தசையும் தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய்விடும். ஆஸ்பிரின் வேண்டாம்: கசிவு வகையாக இருந்தால் அது எரிகிற தீயில் எண்ணெய், எந்த வகை என்பது ஸ்கேனுக்கு முன்னால் யாருக்கும் தெரியாது. இரத்த அழுத்தம் 180 காட்டுகிறதே என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்குவதும் கூடாது. அடைப்பு இருக்கும்போது உடம்பு தானாகவே அழுத்தத்தை ஏற்றி, அந்தச் சுற்றுப்பங்குக்கு இரத்தம் அனுப்பப் பார்க்கிறது. விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி வெறும் புரளி. புறா இரத்தம் தேய்ப்பதும் அப்படியே. எல்லை தாண்டி ஆந்திரப் பக்கம் பச்சிலை மருந்து கொடுக்கும் ஊர்களுக்கு இரவோடு இரவாகக் கார் பிடித்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்பிக்கை அவரவர் விருப்பம். முதல் நாள் மட்டும் மருத்துவமனைக்கு விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்க முடியும்.

உள்ளே என்ன நடக்கும்

சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு சி.டி. எடுப்பார்கள். "ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை" என்று மருத்துவர் சொன்னால் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அடைப்பு வகையில் முதல் சில மணி நேரம் சி.டி. சாதாரணமாகவே இருக்கலாம். இரத்தக் கசிவு இல்லை என்பதைத்தான் அந்தப் படம் சொல்கிறது. ஊசி போடலாமா என்று முடிவெடுக்க அதுதான் வேண்டும்.

பிறகு சில கேள்விகள்: இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, முன்பு மூளையில் இரத்தக் கசிவு வந்ததா. அதன் பின் சம்மதக் கையெழுத்து. ஊசி போட்டவர்களில் நூற்றில் சிலருக்கு மூளையில் கசிவு ஏற்படலாம் என்று சொல்லித்தான் கையெழுத்துக் கேட்பார்கள். குடும்பம் தடுமாறுவது இங்கேதான். பெங்களூரிலிருந்து மூத்த மகன் வரட்டும், ஓசூரிலிருந்து மருமகன் வரட்டும் என்று கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மகன் கிருஷ்ணகிரியைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். தொலைபேசியில் மருத்துவரோடு பேச வைத்து, கூட வந்தவரே கையெழுத்துப் போடுங்கள். பணத்தைப் பற்றிய கவலையும் அந்த நிமிடத்தில் வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பதைச் சொல்லி, எந்தச் செலவு அதில் அடங்கும் என்று காப்பீட்டு உதவி மையத்தில் ஒருவரை விசாரிக்க விடுங்கள். சாலை விபத்துக்கான 48 மணி நேர இலவசத் திட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது விபத்துக்கு மட்டும்.

தானாகச் சரியாகிவிட்டால்

பத்து நிமிடம் கை விழுந்து, பேச்சு குழறி, பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டிக்கொண்டு மறந்துவிடுகிறோம். வேண்டுதல் இருக்கட்டும், அன்றைக்கே மருத்துவமனைக்கும் போங்கள். மினி ஸ்ட்ரோக் என்று சொல்லப்படும் இது, பெரியது வரப்போவதற்கான எச்சரிக்கை. அடுத்த இரண்டு நாட்கள்தான் ஆபத்து மிகுந்தவை. காரணத்தைக் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். இந்த நோயில் இவ்வளவு மலிவான வாய்ப்பு வேறு கிடையாது.

வயதானவர்களுக்குத்தான் வரும் என்றும் எண்ண வேண்டாம். சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவர்களுக்கு முப்பது வயதிலும் இதயத்திலிருந்து கட்டி கிளம்பி மூளைக்குப் போகலாம். அவர்கள் இரத்தம் இளக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. இன்னொரு கூட்டம் பிள்ளை பெற்ற பெண்கள். பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரே கொடுக்காமல் வைக்கும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடியிருக்கும், அதோடு நீர்ச்சத்தும் குறைந்தால் மூளையின் சிரைகளில் கட்டி அடைக்கலாம். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு என்று வரும். ஜன்னி கண்டுவிட்டது என்று மந்திரிக்க நிற்காமல் அழைத்துப் போங்கள். தண்ணீரைத் தாராளமாகக் கொடுங்கள். பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வராமல் தடுப்பதைப் பற்றி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள், நான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். பக்கவாதத்துக்கு முதல் காரணம் உயர் இரத்த அழுத்தம். அது 140/90ஐத் தாண்டியிருப்பது உடம்புக்குத் தெரியவே தெரியாது. மாத்திரை சாப்பிட்டு அளவு சரியானதும் "நார்மலாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள், நார்மலானது மாத்திரையால்தான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். பீடி, சிகரெட், உப்பு, ஊறுகாய், கருவாடு எல்லாம் அடுத்த வரிசை.

வீட்டில் தினசரி காலண்டர் அட்டை தொங்கும் இடத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் 108. அதன் கீழே எந்த மருத்துவமனை, எந்த வளாகம், அதன் அவசரப் பிரிவு எண். ஓட்டுநரோடு கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எண். வீட்டில் யார் யாருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய வால்வுக் கோளாறு, யார் இரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், அதன் பெயர், அளவு. பகலில் தாத்தா பாட்டியோடு தனியாக இருக்கும் பேரப்பிள்ளைக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியுமா என்று ஒரு முறை படிக்கச் சொல்லிப் பாருங்கள்.